பெருநாள் வரைக்கும் தாங்காத பிழை

நோன்புப் பெருநாள் கேக்கை வெட்டும்போதெல்லாம் நூரியாவுக்கு, மண்ணுக்குள் போய்விட்ட அடுத்த வீட்டு ரம்லியின் நினைப்பு வந்துவிடும். கொக்கோஸ் தீவில் பெருநாளன்று வீடுவீடாகப் போய்க் கைபிடித்துப் பிழை பொறுக்கச் சொல்வது வழக்கம். பதினோரு வருஷம் அவன் பொறுக்கச் சொன்னது ஒரே பிழையை: அவள் காயலில் கட்டிய வலையிலிருந்து மீன் எடுத்ததை.

"பொறுத்தேன், கேக்கைத் தின்னு" என்பாள். பத்தாம் நாள் மறுபடி மீன் குறையும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, தன் புது வலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றான்.

"என்னடா, பெருநாளுக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கே?"

"பெருநாள்ல கேட்டுக்கலாம்னு நெனச்சுத்தான்க்கா ஒவ்வொரு தடவையும் எடுத்தேன். இன்னைக்கே கேக்குறேன். தின்ன மீனுக்கு இந்த வலைய வச்சுக்குங்க." அழுதான்.

அதன்பின் ஒரு மீன்கூடக் குறையவில்லை. அடுத்த பெருநாளில் கேட்க ஒன்றுமில்லாமல் வாசலில் தடுமாறியவனின் கையை நூரியாவே பிடித்தாள்.

"பதினோரு வருஷமா வாயாலதான்டா பொறுத்தேன். மனசால ஒரு தடவைகூட இல்ல. நீதான் என்னைப் பொறுக்கணும்."