மஞ்சள் விளக்கு எரியாத கேமரா

ஸ்டுடியோ தொழிலில் ஒன்று மட்டும் நிச்சயம்: வருகிறவர் எல்லோருக்கும் அவசரம், ஒருவருக்கும் தன் முகம் பிடிக்காது.

கும்மிடிப்பூண்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் என் கடை, அதன் பின்கட்டில் வீடு. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கல்யாணமாகி வந்த புதிதில் என் மச்சாண்டாரின், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணனின், இந்தக் கடையில் பாஸ்போர்ட் போட்டோவை ஓரம் வெட்டி உறையில் போடுவதுதான் என் வேலை. அவர் மகனோடு வெளியூர் போனபோது கடையும் கேமராவும் என் தலையில் வந்து விழுந்தன. அன்றிலிருந்து அந்த ஒரே கேமராதான். போனில் படம் எடுக்க எனக்குப் பிடிக்காது. கடைக்காரியே போனைத் தூக்கினால் ஜனங்கள் எதற்குக் கடைக்கு வருவார்கள்?

புதுக் குக்கரில் சாதத்தைக் குழைய விட்டவர்கள், அடுத்தவர் வண்டியை வாங்கிக்கொண்டு போய் நடுரோட்டில் பிரேக் தேடியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்குப் புரியும்.

பாபு கொடுத்த தைரியம்

என் பழைய கேமராவில் ஒரு பழக்கம் உண்டு. பட்டனை அமுக்கியதும் முன்பக்கம் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். அது கொஞ்ச நேரம் முறைத்துப் பார்க்கும். அப்புறம்தான் ஃப்ளாஷ் அடித்துப் படம் விழும். உலகத்தில் எல்லாக் கேமராவும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பொன்னேரிப் பக்கத்திலிருந்து செல்வி வந்தாள். நெல் விவசாயம் செய்கிற குடும்பம். அவள் கல்யாணத்துக்கும் நான்தான் படம் எடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் பெண் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்த வேண்டும்? அந்தத் தாய்மாமன், செல்வியின் அண்ணன் முருகனுக்கு, தேர்வாய் கண்டிகையில் ஃபேக்டரி வேலை. ஏதோ ஒரு பேச்சில் முட்டிக்கொண்டு, குழந்தை பிறந்ததற்குக்கூடத் தங்கை வீட்டுப் படி ஏறாதவன். யார் யாரோ பேசி, வருகிறேன் என்று சம்மதித்திருக்கிறான். "வருவான், உக்காருவான், எய்ந்து போய்டுவான்க்கா. பந்தில கை நனைக்க மாட்டேன்னு சொல்ட்டான். அவன் மடில கொயந்த கீற படம் ஒண்ணு மட்டும் எனக்கு நல்லா வந்துட்டா போதும்" என்றாள். நான் தலையாட்டினேன். அவளை அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்குக் கேமராவைத் தூக்கினால், உள்ளே என்னவோ கரகரவென்றது. விளக்கும் எரியவில்லை, படமும் விழவில்லை.

கேமரா ரிப்பேர் பார்க்கும் பாபுவிடம் ஓடினேன். பிரித்துப் பார்த்துவிட்டு, சாமான் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றான். ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வேன் என்று நான் புலம்பிய புலம்பல் தாங்காமல், அலமாரியிலிருந்து வேறு ஒரு கேமராவை எடுத்துக் கொடுத்தான். எதையெல்லாம் அமுக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான் வரிசையாகக் கேட்க ஆரம்பித்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"எல்லாக் கேமராவும் ஒண்ணுதான்க்கா. பட்டன அமுக்கினா படம் வரப்போவுது, இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாராவுற?"

கேட் பாஸ்

மறுநாளே சோதனை வந்தது. தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு உருக்குக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர், கேட் பாஸுக்குப் படம் எடுக்க ஒரு வேன் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். பீகார், ஒடிசாப் பிள்ளைகள். இவர்களுக்காகவே நான் கற்றுவைத்திருக்கும் இந்தி இரண்டு வாக்கியம்: நேரே உட்காரு, இங்கே பார். "இங்கே பார்" என்று சொல்லும்போதே பட்டனை அமுக்குவது என் வழக்கம். அப்படியே மளமளவென்று எடுத்து முடித்தேன். வேலை இவ்வளவு சீக்கிரம் முடிந்ததே என்று எனக்கே சந்தோஷம்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒருவன் பாதிக் கண்ணை மூடியிருக்கிறான். ஒருவன் தலையைத் தூக்கப் போகிறான், இன்னும் தூக்கவில்லை. ஒருவன் வாய், எச்சில் விழுங்குகிற இடத்திலேயே நின்றுவிட்டது. வெயிலில் காய்ந்து நின்ற எல்லோரையும் திரும்ப உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் நாலைந்து எடுத்து, அதில் தேறியதைப் பொறுக்கினேன். கான்ட்ராக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று முதலில் எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது, வேலைக்கு ஆள் கேட்டா தூங்குறவனா பொறுக்கி இட்டாந்துகீறன்னு மேனேஜர் என்னியத்தானே கேப்பாரு?"

குப்பம்மாவின் முகம்

அதற்கு மறுநாள் பழவேற்காடு பக்கத்துக் குப்பத்திலிருந்து குப்பம்மா வந்தார். ஏரியில் இறால் பிடிக்கிற குடும்பம். ரேஷன் கார்டு, பாங்கு, மகளிர் குழு, எதற்குப் படம் வேண்டுமானாலும் பஸ் ஏறி என் கடைக்குத்தான். உட்கார்ந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டு, கேமராவையே பார்ப்பார். மஞ்சள் விளக்கு எரிந்ததும்தான் கண்ணை அகலத் திறந்து, உதட்டைச் சேர்த்து, முகத்தை அதற்கென்று வைத்திருக்கிற இடத்தில் கொண்டுபோய் வைப்பார். அவர் மட்டுமில்லை, என் வாடிக்கைக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் பழகியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நான் அமுக்கிவிட்டேன். ஃப்ளாஷும் அடித்துவிட்டது. குப்பம்மா அசையவில்லை. "எய்ந்திருங்கம்மா, முடிஞ்சிச்சு" என்றேன். நம்பவில்லை. "மஞ்ச லைட்டு எரியலியே" என்றார். இது வேறு கேமரா, இதில் அந்த விளக்கு கிடையாது என்றதும் எழுந்து வந்து படத்தைப் பார்த்தார். விளக்குக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணின் படம் அது. பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல் இருந்தார்.

"நான் இன்னும் மூஞ்சவே வெக்கல, அதுக்குள்ள திருடி எட்த்துக்கினியே, இது உனுக்கே நல்லாகீதா?"

இட்லி வெளியே

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ராத்திரி எல்லாம் செல்வியின் முகமே எனக்கு முன்னால் வந்து நின்றது. கடையில் படம் சரியில்லை என்றால் இன்னொரு தடவை எடுக்கலாம். குத்தின காதை இன்னொரு தடவை குத்து என்று ஆசாரியிடம் சொல்ல முடியுமா? வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று செல்விக்குப் போன் செய்தேன். அவள் அழுகிற குரலில், "தெரியாத ஆளு வந்து இப்டி திரும்பு அப்டி திரும்புன்னா எங்கண்ணன் எய்ந்து போய்டுவான்க்கா, நீயே வா" என்றாள்.

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்து என் வீட்டுக்காரர் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தார். நான் கேமராவோடு அவர் எதிரில் உட்கார்ந்தேன். இட்லி வாய்க்குள் போகிற நேரத்தைப் பிடிக்க வேண்டும், அதுதான் பயிற்சி. அவர் தட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்தது. எல்லாப் படத்திலும் இட்லி வெளியேதான் இருக்கிறது. வாய் திறக்கக்கூட இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் நன்றாகப் படம் எடுத்தது நானா, அந்தக் கேமராவா என்று அவரிடமே கேட்டேன்.

அவர் எதற்கும் அவசரப்படாத மனுஷர். நான் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் "தோ வரேன்" என்பார். அப்புறம் எழுந்து, லுங்கியைச் சரி செய்து, செருப்பைத் தேடி, மெதுவாக வருவார். அதே வேகத்தில் கையைக் கழுவிவிட்டு வந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"நீ பஸ் வர்றதுக்கு முன்னாடியே கைய நீட்டுற ஆளு. அந்தக் கேமரா என்னிய மேரி, கூப்ட்டா மெள்ளத்தான் வரும். அதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. இது உன்னிய மேரியே கீது, யார யாரு புடிச்சு நிறுத்துறது?"

இரண்டு காது

அன்று முழுக்க வீட்டில் பழகினேன். எடுக்க வேண்டும் என்று கை துடிக்கும்போது அமுக்காமல், மனதுக்குள் அவர் மாதிரியே "தோ... வரேன்" என்று இழுத்துச் சொல்லிவிட்டு அமுக்குவது. குழாயடியில் குடம் நிரம்பி வழிவதையும், எதிர்வீட்டு நாய் கொட்டாவி விடுவதையும் அப்படிப் பிடித்தேன். சாயங்காலத்துக்குள் இட்லி வாய்க்குள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி பக்கத்து அம்மன் கோயில். குழந்தைக்கு மொட்டை அடித்து, சந்தனம் தடவி வைத்திருந்தார்கள். முருகன் கடைசி நேரத்தில் சீர்த்தட்டோடு வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் மணையில் உட்கார்ந்தான். செல்வி குழந்தையை அவன் மடியில் வைத்தாள். முதல் தடவையாகத் தூக்குகிறான் போல. உடைந்துவிடும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்தான். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்தார். மேளக்காரர் கெட்டியாக அடிக்கத் தொடங்கினார். அந்தச் சத்தத்தில் நேற்றுப் பழகினதெல்லாம் எனக்குப் பறந்துவிட்டது. ஆசாரியின் கை உயர்ந்ததுமே என் விரல் அமுக்கிவிட்டது. படத்தில் ஆசாரியின் கை வானத்தில் நிற்கிறது, குழந்தை யாரோ ஆட்டும் பலூனைப் பார்க்கிறது, முருகன் எப்போது எழுந்து போகலாம் என்று வாசலைப் பார்க்கிறான். நான் தலை நிமிர்ந்தபோது காது குத்தியாகிவிட்டது. குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

ஆண்டவன் எனக்காகத்தான் மனுஷனுக்கு இரண்டு காது வைத்தான் என்று நினைக்கிறேன். ஆசாரி இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கை உயர்ந்தது. என் விரல் துடித்தது. "தோ... வரேன்" என்றேன். மனதுக்குள் சொல்ல வேண்டியது வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அமுக்கினேன். கம்பி உள்ளே போயிருந்தது. குழந்தை வாய் முழுக்கத் திறந்து அலறுகிறது. முருகன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தையின் மொட்டைத் தலையில் தன் கன்னத்தை வைத்து அழுத்தியிருக்கிறான். அவன் கன்னமெல்லாம் சந்தனம், அதில் ஒரு கோடு ஈரம். பின்னால் நிற்கும் செல்வியின் கை அண்ணன் தோளில் இருக்கிறது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

செல்வி படத்தைப் பார்த்தாள். கேமராவை அப்படியே அண்ணன் பக்கம் திருப்பினாள். முருகன் குனிந்து நெடுநேரம் பார்த்தான். கன்னத்துச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அழுதது கொயந்ததான், நான் எங்க அழுதேன்? அத அழிச்சிட்டு, பந்தில உக்காரும்போது சிரிச்சா மேரி ஒண்ணு எடுக்கா."

சிரித்த படத்தை எடுத்தேன். அழுத படத்தை அழிக்கவில்லை. செல்வி வீட்டுக் கூடத்தில் இப்போது பெரிதாக மாட்டியிருப்பது அதுதான்.

திரும்பி வந்தது

அடுத்த வாரம் பாபு என் கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான். பார்த்ததும் பிறந்த வீட்டு ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது. துணியால் துடைத்தேன், கழுத்தில் மாட்டினேன். இனிமேல் பழையபடி இருக்கலாம், நான் அவசரப்பட்டால் அது பார்த்துக்கொள்ளும். தெருவில் போய்க்கொண்டிருந்த குப்பம்மாவை வலியக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவரும் மூக்குத்தியைத் துடைத்துக்கொண்டு தயாரானார். அமுக்கினேன். பளிச்சென்று அப்போதே படம் விழுந்துவிட்டது. மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. குப்பம்மா என்னை முறைத்தார். நான் பாபுவை முறைத்தேன். அவன் பெருமையாகச் சிரித்தான்.

"கண்ணு செவப்பா வுழாம இருக்க ஒரு மஞ்ச லைட்டு வெச்சிருந்தாங்கக்கா, அதாலதான் லேட்டா எடுத்துக்கினு இருந்திச்சு. அதியும் நிறுத்திட்டேன், இனிமே நீ அமுக்கினா டக்குனு எடுக்கும்."

விளக்கைத் திரும்ப எரியவைக்க ஒரு நிமிஷம் போதும் என்று அப்புறம் சொன்னான். வேண்டாம், காத்திருக்க நானே பழகிக்கொண்டேன் என்றுவிட்டேன், ஆனால் இப்போதெல்லாம் கடையில் நான் "தோ வரேன்" என்று முணுமுணுக்கும் போதெல்லாம், உள்ளே படுத்திருக்கும் என் வீட்டுக்காரர் தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக் கோபித்துக்கொள்கிறார், அதுவும் மெதுவாகத்தான்.