மூவாயிரம் அட்டைக்கு வந்த குட்டி வண்டி

சாஃப்ட்வேர் தொழிலில் புரோகிராம் எழுதுவதுகூடப் பெரிசில்லை. ஒருத்தர் எழுதினதும் இன்னொருத்தர் எழுதினதும் சண்டையில்லாமல் பேசிக்கொள்ள வைப்பதுதான் உயிரை வாங்கும். பட்டவர்களுக்குத் தெரியும்.

ஆளுக்கொரு நகல்

சேலத்தில் எங்கள் ஆபீஸ். கோழிப்பண்ணைகளுக்கு ஒரு புரோகிராம், லாரி புக்கிங்குக்கு இன்னொன்று. பண்ணையில் சரக்கு எவ்வளவு என்று தட்டினால், லாரி ஆபீஸில் அதற்கேற்ற வண்டி புக் ஆகும். எதை எந்தக் கணக்கில் சொல்ல வேண்டும் என்று விதிக்கிற ஃபைல் ஒன்று உண்டு. ஆளாளுக்கு அதை நகலெடுத்து, இஷ்டத்துக்குத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் அதை வெர்ஷன் நம்பர் போட்ட ஒரே பேக்கேஜாகக் கட்டினேன். "எல்லாரும் இதிலிருந்துதான் எடுக்கணும். திருத்தினா நம்பரை மாத்தணும்" என்று மீட்டிங்கில் பிரசங்கம் வேறு. அந்த அலட்டலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பக்கத்து சீட்டு குமரேசன் மட்டும் கேட்டான்: "அப்ப இனிமேல் தப்பு நடந்தா, எல்லா எடத்துலயும் ஒண்ணா நடக்கும். அப்படித்தானுங்க மேடம்?"

சின்னத் திருத்தம்தானே

விதியை முதலில் மீறியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நானேதான். அட்டைக் கணக்கில் போய்க்கொண்டிருந்ததை முட்டைக் கணக்காக மாற்றினேன். அட்டைக்கு முப்பது முட்டை. சின்னத் திருத்தம்தானே என்று பழைய நம்பரிலேயே ஏற்றிவிட்டேன். அன்றைக்குத்தான் புதிதாக ஏற்றிய லாரி புரோகிராம் புதுசை எடுத்துக்கொண்டது. பண்ணை புரோகிராமோ, 'இந்த நம்பர்தான் நம்மகிட்ட இருக்கே' என்று பழசோடேயே நின்றுவிட்டது.

எருமப்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் சரசக்காவின் கணவர், மூவாயிரம் அட்டை என்று தட்டினார். லாரி ஆபீஸில் அது மூவாயிரம் முட்டையானது. கத்திரி வெயில். பாலக்காட்டில் புது வியாபாரி காத்திருக்கிறார்; முதல் லோடே தாமதமானால் அவர் கை நழுவிப் போவார். அந்த நேரத்தில் அக்காவின் போன்: "ஏனுங் அம்மிணி, வண்டி வந்துருச்சுங்க. டிரைவரோட சோத்துப் போசிய வெச்சா ரொம்பிப் போயிருமாட்ட இருக்குது!"

யார் தப்பு?

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். சொன்னேனா? "உங்க பக்கம் தப்பா அடிச்சிருப்பீங்கக்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அக்கா போனைத் தன் கணவரிடம் கொடுத்தார். நல்ல மனுஷன், சரியாகத்தான் தட்டியிருந்தார். ஆனால் படித்த பெண் சொன்னால் சரியாயிருக்கும் என்று நினைத்துவிட்டார். "ஆமாங்க சாமி, எங்கண்ணுதான் மங்கிப் போச்சாட்ட இருக்குது. மன்னிச்சுக்கோங்க."

எருமப்பட்டிக்குப் போனேன்

குமரேசன் தேடிப் பார்த்து, என் திருத்தத்தைக் காட்டினான். தூக்கிவாரிப் போட்டது. போன் மேல் போன் போட்டுப் பெரிய லாரி பிடித்துக் கொடுத்தோம். பாலக்காட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இறக்கிக்கொண்டாராம்.

அந்த மன்னிப்பு மட்டும் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. பஸ் ஏறிப் பண்ணைக்கே போய், தப்பு என்னுடையது, அவருடையதில்லை என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே மோர் எடுத்துவரப் போய்விட்டார். அக்காதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "கண்ணாலமான நாளா இந்த மனுசன் ஒரு தப்பையும் ஒத்துக்கிட்டதில்லீங்க அம்மிணி. அன்னிக்குத்தான் வாயத் தொறந்து ஒத்துக்கிட்டாரு, அதையும் இல்லைன்னு சொல்லிப் போட்டீங்களே!"

ஒரு நம்பரை மாற்றச் சோம்பல்பட்டு நான் கெடுத்தது ஒரு லோடு. உண்மையைச் சொல்லிக் கெடுத்தது ஒரு குடும்பத் தலைவியின் ஒரே வெற்றி.