கட்டில் இல்லாத தலைமாடு

நான் சொல்லப் போறது கட்டுக்கதை இல்லை. பாகலூர்ல நடந்தது. என் காதால கேட்டேன், என் கையால தொட்டேன். நம்பாதவங்க நம்ப வேண்டாம். எனக்கும் யாரையும் நம்பற பழக்கம் கிடையாது.

என் பேர் யேசுராஜ். நாற்பத்தொரு வருஷமா ஓசூர் சுத்துப்பட்டுல பெயின்ட் அடிக்கிறேன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா. ஒரே பொண்ணு, கெசியா. போன வருஷம் மே மாசம் லியோவுக்குக் கட்டிக் கொடுத்தேன். ரெண்டு பேருக்கும் கம்பெனி வேலை. அவனுக்குப் பகல் ஷிஃப்ட், அவளுக்கு நைட் ஷிஃப்ட். காலையில ஏழு மணிக்கு இவ வந்து படுப்பா, எட்டு மணிக்கு அவன் கிளம்புவான். புருஷனும் பொண்டாட்டியும் உட்கார்ந்து பேசறது ஞாயித்துக்கிழமை மட்டும்தான்.

ஆகஸ்ட் மாசம் நாராயணம்மாவோட லைன் வீட்டுல ஒரு ரூம் பிடிச்சாங்க. வரிசையா ஆறு ரூம், முன்னாடி நீள வராண்டா. இவங்களுக்குக் கடைசி ரூம். கட்டில் கிடையாது, தரையில மெத்தை. கெசியா போன்ல ஒரு படம் காட்டினா. கட்டிலோட தலைமாட்டுப் பலகை மாதிரியே சுவத்துல பெயின்ட் அடிச்சிருந்தாங்க. மேல வளைவு, ஓரத்துல தங்கக் கலர் பட்டை, நடுவுல பூ.

"கட்டிலே இல்லை. தலைமாடு எதுக்குடி?"

"படுத்தா ராணி மாதிரி இருக்கும்ப்பா."

"எந்த ராணி தரையில படுத்தா?"

"நீ போடு. கட்டில் அப்புறம் தானா வரும்."

அவளுக்குச் சின்னதுல இருந்தே வீசிங். வாய்ல அடிச்சுக்கற பஃப் எப்பவும் கூடவே இருக்கும். எண்ணெய் பெயின்ட் வாசனை பட்டாலே மூச்சு இழுக்கும். பயந்தாலும் இழுக்கும். அதனால வாசனை இல்லாத தண்ணி பெயின்ட்டா பார்த்து வாங்கினேன். அவ மூச்சு நல்லா இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டியதில்லை.

புதன்கிழமை போனேன். ரூம் காலி. நான் ஒருத்தன்தான். வராண்டாப் பக்கத்துச் சுவத்துல நூல் பிடிச்சு, பென்சில்ல வளைவு போட்டு, டேப் ஒட்டினேன். மெத்தை தரையில கிடக்கும்கிறதால டிசைனும் தரையில இருந்தே ஆரம்பிக்கணும். சம்மணம் போட்டு உட்கார்ந்து அடிச்சேன். சுவத்துல புதுப் பூச்சு. எதையோ மறைக்கத்தான் பூசியிருக்காங்கன்னு அப்பவே நினைச்சேன். வீட்டுக்காரங்க புத்தி எனக்குத் தெரியாதா?

மத்தியானம் ரெண்டு இருபது.

டக். டக். டக்.

கொஞ்சம் விட்டு... டக். டக்.

வராண்டாவை எட்டிப் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. வெயில்தான் அடிச்சுக்கிட்டு இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் மூணு... ரெண்டு. சத்தம் என் முழங்கால் பக்கத்துல இருந்து வந்தது. தரையில இருந்து ஒரு முழ உயரம். படுத்துக்கிட்டு கையை நீட்டித் தட்டினா எவ்வளவு உயரம் வரும்? அவ்வளவு.

அப்புறம்தான் பார்த்தேன். நான் அடிச்சு முடிச்ச இடத்துல, ஈரத்துல, நாலு கோடு. நகத்தால மேல இருந்து கீழே இழுத்த கோடு.

என் நகம் இல்லை. என் கையில பிரஷ் இருந்தது.

கூடவே ஒரு சத்தம். ஈஈஈ... ஈஈஈ... தண்ணி வராத குழாய்ல காத்து வர்ற மாதிரி. சுவத்துல குழாய் கிடையாது.

சரியா மூணு அஞ்சுக்கு எல்லாம் நின்னுபோச்சு.

கோட்டு மேல இன்னொரு கோட்டிங் அடிச்சேன். முடிச்சிட்டு நேரா நாராயணம்மாகிட்டப் போனேன்.

"இந்த ரூம்ல யாரும்மா செத்தது?"

"அய்யோ தேவுடா! என்ன பேச்சு பெரியவரே? யாரும் சாகல."

"பொய் சொல்லாத."

"திருப்பதி வெங்கட்ரமணா மேல சத்தியம். மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டயா?"

சிரிச்சா. சிரிக்கிறவளை எப்படி நம்பறது? எவளோ செத்திருக்கா, இவ மறைக்கிறான்னு முடிவு பண்ணிட்டேன். கெசியாகிட்ட மட்டும் சொல்லலை. சொன்னா பயப்படுவா. பயந்தா மூச்சு இழுக்கும்.

ஞாயித்துக்கிழமை குடி போனாங்க. மெத்தையைப் போட்ட உடனே கெசியா படுத்துப் பார்த்தா. கன்னத்துல கை வெச்சு என்னைப் பார்த்து ராணி மாதிரி ஒரு தலையாட்டல். தினமும் சாயங்காலம் போன் போட்டுக் கேட்டேன்.

"தூக்கம் வருதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்ப்பா. ஏன் தினமும் இதையே கேக்கற?"

வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வெச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். ஒண்ணு அம்பதுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவு உள்பக்கம் தாழ். லைன் வீடுகள்ல ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிஃப்ட் ஆள் தூங்கற கதவை நாலு மணிக்கு முன்னாடி யாரும் தட்ட மாட்டாங்க. வரிசையே பத்திக்கிட்டாலும் அந்தக் கதவைக் கடைசியாத்தான் தட்டுவாங்க. நானும் தட்டலை. என் போன் அடிச்சா அவ முழிச்சுக்குவாளேன்னு அதையும் ஆஃப் பண்ணினேன். வராண்டாவுல, அவ தலைமாட்டுச் சுவத்துல முதுகு சாய்ச்சு உட்கார்ந்தேன்.

ரெண்டு இருபது.

டக். டக். டக்.

என் முதுகுல.

டக். டக்.

அதே சத்தம். அதே இடம். எழுந்து நின்னேன். அன்னைக்குக் காலி ரூம்ல தட்டினது, இப்போ என் பொண்ணு தலைமாட்டுல தட்டுது. அவ முழிச்சுக் கேட்டா என்ன ஆகும்?

சுவத்துல வாயை வெச்சுச் சொன்னேன். "சும்மா இரு சனியனே. என் பொண்ணு தூங்கறா."

அதுக்குக் கேட்டுருச்சு. வேகமாத் தட்டுச்சு. டக்டக்டக்டக்...

உள்ளங்கையால சுவத்தை அடிச்சேன். "போன்னா போ!"

நின்னுச்சு.

அப்புறம் பிராண்டற சத்தம். மேல இருந்து... கீழே.

அப்புறம் ஈஈஈ...

நெத்தியைச் சுவத்துல வெச்சு ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இதை விரட்டும்.

மூணு அஞ்சு.

நின்னுபோச்சு.

ஸ்தோத்திரம் சொன்னேன். சத்தியமாச் சொன்னேன். நிம்மதியா உட்கார்ந்து நாலு மணி வரைக்கும் அவ தூக்கத்துக்குக் காவல் இருந்தேன்.

நாலு மணிக்குத் தட்டினேன். பதில் இல்லை. பக்கத்து ரூம் பசங்க வந்து நாலு இருபதுக்குக் கதவை உடைச்சாங்க.

தலை சுவத்துல முட்டிக் கிடந்தா. கையில காலி பஃப். கை இன்னும் சூடா இருந்தது. தங்கக் கலர் பட்டைக்குக் கீழே, பெயின்ட்ல... நாலு கோடு.

மூச்சு இழுக்கறப்போ அவளுக்குக் குரல் வராது. இருபத்தாறு வருஷமா எனக்குத் தெரியும்.

அவ போனைப் பார்த்தோம். ரெண்டு பதினேழுக்கு லியோவைக் கூப்பிட்டிருக்கா. அவன் கம்பெனியில போனை லாக்கர்ல வாங்கி வெச்சிடுவாங்க. ரெண்டு பத்தொன்பதுக்கு என்னை.

ஆஸ்பத்திரி வாசல்ல லியோ கேட்டான். "மாமா, நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"நாலு மணிக்கு"ன்னு சொன்னேன்.

இன்னைக்கு வரைக்கும் அதுதான் அவனுக்குத் தெரியும்.

அடக்கம் முடிஞ்சு பதினோராம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த ரூம்ல முன்னாடி ஒருத்தி செத்திருக்கா, வீட்டுக்காரி மறைச்சுட்டா, விசாரிங்கன்னு எழுதிக் கொடுத்தேன். ஏட்டு விசாரிச்சார். ரூமைக் கட்டின கொத்தனார் முனிவேலைக் கூப்பிட்டார். அவன் போன்ல இருந்த போட்டோவை ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிக் காட்டினான். அஞ்சு ரூம்தான் பழசு. ஆறாவது இடத்துல ஜூன் வரைக்கும் நாராயணம்மா மாடு கட்டிக்கிட்டு இருந்தா. ஜூலையில செங்கல். கடைசி வாரம் பூச்சு. நான் பெயின்ட் அடிக்கப் போனப்போ அந்தச் சுவத்துப் பூச்சுக்கு வயசு பத்து நாள்.

அதுவரைக்கும் அங்கே யாரும் படுத்ததில்லை. அந்த ரூம்ல முதல்ல செத்தது என் பொண்ணுதான்.