பலாப்பால் வைத்து ஒட்டிய கண்

பீளை ஒட்டிய கண்ணாடியைத் துடைத்திருக்கிறீர்களா? என் பெண்டாட்டி சென்னம்மாள் அந்த வைகாசி மாதத்தில் அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்த அத்தனை கண்களின் அழுக்கும் எங்கள் வாசலில் வந்து ஒட்டிவிட்டுப் போனது. நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. அவர்களைத் திட்டி முடித்தபின் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

மலைமேல் பைல் நாட்டில் விளையும் எங்கள் காட்டு மிளகுக்கு, அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தையில் பேர் இருந்தது. அந்தப் பேர் சென்னம்மாள் வாங்கிக் கொடுத்தது. மிளகைக் கையில் அள்ளி மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். பூச்சி அரித்தது, பொக்கு, பிஞ்சு ஒன்றும் அவளிடம் தப்பாது. கிட்டப் பார்வை அவ்வளவு கூர்மை. ஆனால் ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குப் புகைதான். எதிரே வருகிற ஆளை நடையை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். ஊரில் அவளுக்கு வைத்த பேர் 'மோந்து பாக்கறவ'. அந்தப் பேரை வைத்தது பக்கத்து வீட்டு அப்பாசாமி. அவன் புத்தி எப்போதும் அப்படித்தான்.

எங்கள் ஆட்கள் ஆறாமீனை, அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்து இரவில் நேரம் சொல்வார்கள். "ஆறும் தெரியுதா?" என்று யாராவது கேட்டால் சென்னம்மாளும் அண்ணாந்து பார்த்து, "ஆமாங்க, தெரியுது" என்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். பொய்யென்று தெரிந்தது தூரக்கண்ணாடி வந்த பிறகுதான்.

காப்பித் தோட்டம் போடுகிறேன் என்று மலையேறி வந்த ஒரு துரை, இரண்டு வருஷம் குளிர்காய்ச்சலில் நடுங்கிவிட்டு இறங்கிப் போனார். அவர் பங்களாவுக்கு நான் காவல். போகும்போது தூக்கிப்போக மனமில்லாமல், பித்தளைத் தூரக்கண்ணாடியையும் அதன் முக்காலியையும் எனக்கு விட்டுப் போனார். கூடவே ஒரு சின்ன மரப்பெட்டி. அதில் குழாயின் அடியில் செருகிப் பார்க்கிற மூன்று கண்ணாடித் துண்டுகள் இருந்தன. எங்களுக்கு அதற்குப் பேர் தெரியாது. பெரிய கண், நடுக் கண், சின்னக் கண் என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

முதல் நாள் பொழுது சாய்ந்ததும் நிலாவுக்கு நேராகக் குழாயை வைத்து, அதன் பக்கத்திலிருந்த திருகைத் திருகி, என் கண்ணுக்குச் சரியாக்கி அவளைக் கூப்பிட்டேன். குனிந்தாள். "ஒண்ணுந் தெரியலீங்க" என்றாள். இவளுக்கு இதுவும் இல்லையா என்று எனக்குச் சலிப்பாகிவிட்டது. அவள் விடவில்லை. தானே திருகைப் பிடித்து, குழாய் உள்ளே போகப் போகத் திருகிக்கொண்டே இருந்தாள். சட்டென்று கை நின்றது. "ஏனுங்க, இதுல மேடு பள்ளமெல்லாம் இருக்குதுங்க" என்றாள்.

அப்புறம் ஆறாமீன். நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திரும்பி என்னைத்தான் திட்டினாள். "இத்தன வருசமா நீங்கெல்லாம் இதையா பாத்துட்டிருந்தீங்க? பாத்துட்டு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே. எனக்கு அது வெறும் இருட்டுங்க. எல்லாருஞ் சொல்றாங்கன்னு நானும் ஆமாம்னு சொல்லிட்டிருந்தேன். இனிமே அந்தப் பொய் வேண்டியதில்ல."

மூன்று கண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டு எது எதற்கு ஆகும் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். சின்னக் கண் போட்டால் உருவம் பெரிதாகும். ஆனால் மங்கிப்போகும், மூச்சு பட்டாலும் ஆடும். எனக்கு அதுதான் பிடித்தது. அவளோ பெரிய கண்ணைத்தான் எடுப்பாள். "பெருசாத் தெரிஞ்சு என்னங்க பண்ண? முழுசாத் தெரிய வேணாமா?" என்பாள். அந்தப் பெரிய கண் வேறெந்தக் கருவிக்குச் செய்ததோ, குழாய்க்குள் லொடலொடவென்று ஆடும். துவைத்த வேட்டித் துணியில் விரல் அகலம் கிழித்து, கழுத்தில் இரண்டரைச் சுற்று சுற்றிச் செருகுவாள். இரண்டு சுற்று என்றால் நழுவும், மூன்று என்றால் நுழையாது.

இப்படியிருக்கும்போதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷம் வால் நட்சத்திரம் வந்தது. முதலில் விடியற்காலையில் கிழக்கே தெரிந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கியது. வைகாசியில் அது பொழுது சாய்ந்ததும் மேற்கே வந்தபோது பயம் போய், வேடிக்கை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் ஆனால் போதும், எங்கள் வாசலில் கும்பல் கூடிவிடும்.

கும்பலா அது? கருமம். பொடி போட்ட விரலால் கண்ணாடியைத் தடவினார்கள். தலையெண்ணெய் வழிய நெற்றியை அழுத்தினார்கள். ஒருத்தன் கண் சிவந்து சீழ் கட்டியிருந்தது. அவனும் வந்து அமுக்கினான். அப்பாசாமி கோவணத் துணியின் முனையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "இப்பப் பாரு, பளிச்சுனு ஆயிப்போச்சு" என்றான். பகலில் வந்து, ஊற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்கள் பக்கம் திருப்பினான். அந்தக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். "இது என்ன கெரகம்டா" என்று முக்காலியை எட்டி உதைத்தான். அவனோடு ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கிறோமே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

வால் நட்சத்திரத்தைச் சென்னம்மாள் இன்னும் பார்க்கவில்லை. வெறும் கண்ணில் ஊரே பார்த்தாகிவிட்டது. அவளுக்குக் கண்ணாடி இல்லாமல் வழியில்லை. "எல்லாரும் பாத்துட்டுப் போவட்டுங்க. தொடச்சுட்டு, என் கண்ணுக்குத் திருகி வெச்சு, நிதானமாப் பாக்கறேன்" என்றாள். முதல் நாள் ஆம்பிளைகள் பார்த்து முடிப்பதற்குள் அது மேற்கு மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அடுத்த நாள் மேகம். மூன்றாம் நாள் ஆளாளுக்குத் திருகைத் திருகி இழுத்ததில் பெரிய கண் கழன்று சாணியில் விழுந்தது. அவள் அதைக் கழுவித் துடைத்துத் துணி சுற்றிக் கொண்டுவருவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. வாலும் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்தது. மழை எந்த நிமிஷமும் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு மண்டைக்கேறிவிட்டது. மறுநாள் அவள் மிளகுக்கொடிக்குப் போயிருந்தாள். நான் பலா அறுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை விழுந்த குடத்தைப் பலாப்பால் காய்ச்சி அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆறினால் கல்லாக இறுகிவிடும். சட்டியில் பாலைக் காய்ச்சினேன். பெரிய கண்ணைச் செருகி, தூரத்து மேட்டு மரம் ஒன்றைப் பார்த்து, இலை இலையாகத் தெரிகிற அளவுக்குத் திருகை நிறுத்தினேன். அப்புறம் கண்ணின் கழுத்தைச் சுற்றியும், உள்குழாய் நகர்கிற இடுக்கிலும், திருகின் பல்லிலும் வழித்து வழித்துப் பூசினேன். இனி எந்த நாயும் இதைக் கழற்ற முடியாது, திருக முடியாது என்று எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அன்று சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் காட்டிலிருந்து வந்ததும் கும்பலை விலக்கினேன். "இன்னைக்கு மொதல்ல என் பொண்டாட்டி பாப்பா. மத்தவனெல்லாம் அப்பறம்" என்றேன். அப்படி எங்கள் ஊரில் எவனும் சொன்னதில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தாள். கை பழக்கமாகத் திருகுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

"என்ன, மோந்து பாக்கறவளுக்கு வால் தெரியுதா?" என்று அப்பாசாமி கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க, தெரியுது" என்றாள் சென்னம்மாள். "வாலு நல்லா நீளமா இருக்குதுங்க." சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

பின்னால் பார்த்தவர்கள் எல்லாம், இத்தனை நாளும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை என்றார்கள். அந்தச் சீழ்க்கண்காரன்கூடச் சொன்னான். நானும் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது.

விடிந்ததும் தூரக்கண்ணாடியை உள்ளே எடுத்துவைக்கப் போனேன். திருகின் மேல் இறுகிய பாலில், வழவழப்பான மேல்பக்கத்தில், நகம் கீறிய தடம் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் திருகில் அவள் கை நின்றது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேர் கண்ணுக்கும் சரியாக வைத்து, அவள் ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் தெரியாதபடி பூட்டிவிட்டிருந்தேன்.

வாசலில் அவள் மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நேத்து உனக்கு நெசமாவே தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

தலை நிமிரவில்லை. "தெரிஞ்சுதுன்னுதான் சொன்னேனுங்களே. அத்தன பேரு முன்னால எனக்குன்னு மொதல்ல உட்டீங்க. போதுங்க."

எண்ணெய் விட்டேன், சுடுதண்ணீர் ஊற்றினேன், கடைசியில் உளியை வைத்துத் தட்டினேன். பெரிய கண்ணின் கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பல நாள் கழித்து அது விட்ட பிறகு மேற்கே ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் முப்பது வருஷம் இருந்தாள். வால் நட்சத்திரம் வந்த வருஷத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "நானும் பாத்தேனுங்க, நல்லா நீளமா இருந்துது" என்பாள். நான் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள்.