இரவல் கேமரா

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய ரெக்சின் பையை இறக்கியபோது, கசிந்து உலர்ந்த பேட்டரியின் புளித்த வாசனைதான் முதலில் வந்தது. உள்ளே ஒரு டார்ச், மணியடிக்கும் சிறு கடிகாரம், ஏரியல் ஒடிந்த டிரான்சிஸ்டர். சென்னைக்குப் போக வேண்டும். அங்கே வேலை பார்க்கும் மகள் இவற்றை வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அந்த ஃபால்தூ சாமான் எல்லாம் எதுக்குப்பா? லைட், அலாரம், பாட்டு, டிக்கெட், எல்லாம் போன்லயே இருக்கு. சார்ஜர மட்டும் மறந்துடாதீங்க."

அவள் சொன்னதில் பிழையில்லை. வாதாடும் தெம்பும் எனக்கில்லை. பையைக் குப்பைக்காக வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அந்தச் சிறு தூரத்துக்கே மூச்சு வாங்கியது.

மனம் தேடியதோ பையில் இல்லாத ஒன்றை. கேமரா. அது அங்கே இருக்கவும் நியாயமில்லை. ஒருநாளும் அது எங்களுடையதாக இருந்ததில்லை.

தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்தில், ஊருக்குப் போகிறவர் இரவல் பொருள்களோடுதான் ரயிலேறுவார். எந்த ஒரு வீட்டிலும் எல்லாம் கிடையாது. ஆனால் சந்தில் எல்லாம் இருந்தது. டிரான்சிஸ்டர் தையல்காரர் வீட்டில். கடிகாரம் இட்லி விற்கும் அண்ணாச்சியிடம். நான் போய்த் தயங்கி நின்றால், "எடுத்துட்டுப் போடே. தெனமும் நான்லா அந்தக் கடியாரத்த எழுப்புதேன்," என்பார். கொடுக்கிறவர் ஒவ்வொருவரும் ஒரு வேலையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இன்னாரைப் பார்த்துவிட்டு வா, இதைக் கொடுத்துவிட்டு வா என்று. ரயில் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் அவற்றில் பாதியை நான் மறந்துவிடுவேன், அம்மா மறக்கமாட்டாள். வேலையில் நிலைத்த பிறகு ஒவ்வொன்றாகச் சொந்தத்தில் வாங்கிக்கொண்டேன். போன் வருவதற்கு முன்பே, கதவு தட்டுவதை நிறுத்தியவன் நான்தான் என்றும் சொல்லலாம்.

கேமரா, தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்த காதர் பாயுடையது. அதன் உறையில் எப்போதும் பசையும் தோலும் கலந்த வாசனை அடிக்கும். நான் பட்டம் முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்த வருடம், ஒரு கல்யாணத்துக்காக அம்மாவும் நானும் திருநெல்வேலிக்குப் புறப்பட்டோம். பாயின் மனைவி தலைப்பிரசவத்துக்காக மேலப்பாளையத்தில் தாய்வீட்டில் இருந்தார். பெண் குழந்தை பிறந்து மாதங்கள் கடந்தும், ஏற்றுமதி ஆர்டரை விட்டு நகர முடியாத பாய் அதன் முகத்தைப் பார்த்ததில்லை.

கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு, "ரோல்ல கடைசி ரெண்டு எனக்கு, தம்பி. கல்யாண வீட்டுல எவன் இளிச்சிட்டு நின்னாலும் அமுக்கிராதீங்க," என்றார்.

அமுக்கவில்லை. ஆனால் மேலப்பாளையத்து வீட்டில் பெண்கள் இருக்கும் உள்ளறைக்கு அந்நிய ஆணான நான் போக முடியாது என்பதை நாங்கள் இருவருமே யோசித்திருக்கவில்லை. அதுவரை கேமராவைத் தொட்டிராத அம்மாவுக்கு வாசலில் நின்று பொத்தானைக் காட்டி அனுப்பினேன். திரும்பி வந்தவள், "ரெண்டு தடவ 'டிக்'குன்னுச்சு. உள்ள என்ன விழுந்துச்சோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்," என்றாள்.

பம்பாய் திரும்பி மாதுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் ரோலைக் கொடுத்தோம். படம் வரும்வரை மாலைதோறும் பாய் பட்டறையிலிருந்து விரல்களில் பசையோடு வந்து, "வந்துட்டா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வந்தது. ஒரு படம் வெறும் கறுப்பு. மற்றதில் குழந்தை கண் விழித்துத் தெளிவாக இருந்தது. அதைத் தாங்கிய இரண்டு கைகளும் இருந்தன. அவற்றுக்கு மேலே சுவர்தான் இருந்தது. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "புள்ளையவே பாத்துட்டு இருந்துட்டேன் காதரு. ஒம் பொண்டாட்டி தலைய விட்டுட்டேனே."

பாய் குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருடைய கட்டைவிரல் அந்தக் கைகளின் பக்கம் நகர்ந்து அங்கேயே நின்றது.

"தல கெடக்கட்டும்க்கா. வளவி முழங்கை வரைக்கும் எறங்கிக் கெடக்கு, பாருங்க. கல்யாணத்தப்போ சோப்பு போட்டுல்லா ஏத்துனாங்க. மெலிஞ்சிட்டா. நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னுதான் லெட்டர் போடுதா."

அந்த வாரமே பட்டறையைத் தன் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு, முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் போனார். கேமராவை நான் நீட்டியபோது, "நேர்லயே பாக்கப் போறேன், அது எதுக்கு?" என்றார்.

இன்று அவர் நிலையில் இருக்கும் ஒருவர் குழந்தையைப் பிறந்த அன்றே பார்த்துவிடுவார். ஒரு தகப்பன் மாதக்கணக்கில் காத்திருந்ததில் அழகு ஒன்றுமில்லை; என் ஏக்கத்துக்காக அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும், மும்பையிலேயே திலக் நகரில் இப்போது குடியிருக்கும் இந்தக் கட்டடத்தில், நான் ரயிலேறப் போவது ஒருவருக்கும் தெரியாது. எவரிடமும் நான் கேட்க வேண்டியது எதுவுமில்லை. ஆகவே எவரும் என்னிடம் எதையும் பார்த்துவரச் சொல்லவில்லை.

மகளோடு தினமும் பேசுகிறேன். "நல்லாத்தான்பா இருக்கேன்," என்கிறாள். திரை நிறைய முகம் தெரிகிறது. கை தெரிவதில்லை, அது போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.