அந்தரத்தில் நின்ற உயிர்

கசிமிரோ கொத்தனார். மலைமேட்டு ஊரான எல் ஆல்ட்டோவில் ஐந்தாம் மாடிச் சுவரின் மேல் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரொட்டி தின்கிற ஆள். ஆனால் ஊருக்கு ரோப் கார் வந்து இத்தனை வருடமாகியும் அதில் ஏறியதில்லை. யாராவது கேட்டால், "கயித்துல தொங்க நான் என்ன காயப்போட்ட துணியா?" என்று சிரித்து மழுப்புவான். கீழே பள்ளத்தில் இருக்கும் லா பாஸ் நகரத்துக்கு மினிபஸ்ஸில் நசுங்கிக்கொண்டுதான் போவான். சுவர் அவன் கட்டியது, அதன் வலு தெரியும். அந்தக் கம்பியை இழுத்துக் கட்டியவன் யாரோ, எவரோ. பயம் அதுதான். மனைவி செவெரினாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

செவெரினா தினமும் ரோப் காரில் இறங்கிப் போய்ச் சந்தையில் ஊதாச் சோளக் கஞ்சி விற்பவள். ஆகஸ்டில் ஒருநாள் பலத்த காற்றில் பெட்டி நடுவானில் நின்று ஊசலாடியது. சற்று நேரத்தில் கிளம்பிவிட்டது, யாருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கஞ்சி அண்டா கவிழ்த்தபடியே கிடந்தது. டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். நாளுக்கு நாள் அவள் மெலிந்துகொண்டே போனாள்.

பக்கத்து வீட்டு நிக்கோலாசா அவள் கையைப் பிடித்துப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"அண்ணே, பயத்துல உயிரு உடம்பை விட்டு நழுவிடுச்சு. பயந்த எடத்துலயே நிக்குது. அவ தலையில போடுற தொப்பியைக் கொண்டுபோய், கைமணியடிச்சு, பேர் சொல்லிக் கூப்பிடு. கூடவே வந்துரும்."

"கூப்பிட்டாப் போச்சு."

"எங்கன்னு யோசிச்சியா? நாய் தொரத்திப் பயந்திருந்தா அந்தச் சந்துக்குப் போகலாம். இது அந்தரத்துலல்ல நிக்குது!"

கசிமிரோ குரலைத் தாழ்த்தினான். "கீழேருந்து கூப்பிட்டா கேக்காதா?"

"உன் பொண்டாட்டி என்னிக்குக் கூப்பிட்ட ஒடனே வந்திருக்கா? நேர்ல போ."

கூரையில் நீலத் தண்ணீர்த் தொட்டி வைத்த வீட்டுக்கு நேர் மேலேதான் பெட்டி நின்றது என்று செவெரினா முனகினாள். கண்ணை மூடிக்கொண்டு போய்வர நினைத்திருந்தவனுக்கு அதுவும் போயிற்று. தொட்டியைப் பார்க்கக் கண்ணைத் திறந்தாக வேண்டுமே.

மறுநாள் ஒரு கைமணியோடு, தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோப் காரில் ஏறினான். எதிரே இரண்டு சந்தைக்காரிகள். கால்களுக்குக் கீழே ஊர் நழுவியது. நீலத் தொட்டி தெரிந்ததும் மணியை ஆட்டினான்.

"செவெரினா! இங்க நிக்காத! வா, வீட்டுக்குப் போலாம்!"

குரல் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. சந்தைக்காரிகளும் சேர்ந்து கூப்பிட்டார்கள்.

வீடு திரும்பித் தொப்பியை அவள் தலையில் வைத்ததும் செவெரினா அழுதாள். அன்று இரவு சூப்பு குடித்தாள், தூங்கினாள். இரண்டாம் நாள் அடுப்பு மூட்டினாள். கசிமிரோவோ அன்று மத்தியானமே வேலையிலிருந்து திரும்பி வந்து கட்டிலில் விழுந்தான். ஏணியில் மூன்றாம் படிக்கு மேல் கால் ஏறவில்லை. கொத்தனாருக்கு ஏறும் தைரியம் போனால் என்ன மிச்சம்?

"எனக்கு அதுல ஏற என்னிக்குமே பயம்டி," என்றான் சுவரைப் பார்த்தபடி.

"தெரியும்யா. இல்லன்னா எவன் மினிபஸ்ல நசுங்குவான்?"

அவள் சிமெண்டு படிந்த அவன் தொப்பியை எடுத்தாள். "எங்க வச்சுய்யா பயந்த?"

"அதே நீலத் தொட்டிதான்."

செவெரினா மணியையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பயந்த நாளுக்குப் பிறகு அவளும் ரோப் காரில் ஏறியதில்லை. யாரும் ஆட்டாமலே அது அவள் கையில் தெருமுனை வரை கிணுகிணுத்துக்கொண்டே போனது.