வேலாயி அக்காவின் கூடை

"உங்கள் மொழியில் இந்தச் சொல்லுக்குக் கெட்ட அர்த்தமும் உண்டா?" என்று அந்த ஐஸ்லாந்துப் பெண் கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன், ஆங்கிலமும் கொஞ்சம் பேசுவேன். அதனால் தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வந்த ஒரு தம்பதியை மலைக்குக் கூட்டிவரும்படி கண்டாக்கையா சொன்னார். மலையில் வேலை வாங்கும் உத்தியோகத்தரை அப்படித்தான் அழைப்போம். பெண்கள் தேயிலையின் இளந்தளிரான கொழுந்தை எடுப்பது 'பறிப்பது' என்று சொல்லிக் கொடுத்தேன். சுவீடன்காரரான கணவர், தங்கள் மொழியில் அது 'ப்ளொக்கா' என்றார்; காட்டுப்பழம் பறிப்பதற்கும் அதே சொல். ஐஸ்லாந்துக்காரியான மனைவியின் மொழியிலும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அங்கே கோழிக்கு இறகு பிடுங்குவதும், ஒருவரை ஏமாற்றிக் காசு கறப்பதும்கூட அதுவே. இரண்டும் வட ஜெர்மனியின் பழைய பேச்சிலிருந்து வந்தவையாம். அதன் பிறகுதான் அந்தக் கேள்வி.

எங்களுக்கு முன்னால் பறித்துக்கொண்டிருந்தவர் வேலாயி அக்கா. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. உடப்புசல்லாவையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, புருஷன் இறந்த பின் இந்த மலையை நம்பியே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். விருந்தாளிகள் வரும் நாளில் கட்டச் சொல்லித் தோட்டம் கொடுத்த சிவப்புச் சேலையைக் கதவுக்குத் திரையாகத் தொங்கவிட்டவரும் அவர்தான்.

அந்த இருவருக்கும் பறித்துப் பார்க்க ஆசை. முற்றிய இலை, குச்சி என்று கைக்கு வந்ததை ஒடித்து அக்காவின் முதுகுக் கூடையில் போட்டார்கள். கண்டாக்கையா சிரித்தபடி படம் எடுத்தார். முற்றல் கலந்தால் நிறுக்கும்போது கிலோ கழிப்பார்கள். கழித்தால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்தான்.

அக்கா கூடையை இறக்கிச் சாக்கில் கொட்டினார். முற்றலைப் பொறுக்கிக் கண்டாக்கையாவின் சப்பாத்துக்கு முன்னால் குவித்தார்.

"இது உங்க விருந்தாளிங்க பறிச்சதுங்க. உங்க பேருல நிறுத்துக்குங்க. என் கொழுந்துல ஒரு கிலோ கழிக்கக் கூடாது."

"வெளிநாட்டுக்காரங்க முன்னால மானத்த வாங்காத, வேலாயி."

"அவங்க முன்னாலதாங்க கேக்கணும். தனியா கேட்டா உங்களுக்குத்தான் காது கேக்க மாட்டேங்குதே."

நிரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். கண்டாக்கையா கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கழிக்க மாட்டேன் என்றார். மாலையில் அக்காவுக்கு முழுப்பேர் விழுந்தது.

நடந்ததை மலையிலேயே நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், சுவீடன்காரர் முகம் சிவந்து அந்தக் குவியலைத் தன் தொப்பியில் அள்ளிக்கொண்டார். அவர் மனைவியிடம் அப்போது பதில் சொன்னேன்: உண்டு. கொழுந்தைப் பறிப்பதும் உரிமையைப் பறிப்பதும் எங்களுக்கும் ஒரே சொல்தான். அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

படம் எடுக்க மலைக்கு வரும் உங்கள் நண்பர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். பறித்துப் பார்க்க ஆசையென்றால் சொந்தப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.